குரோமியத்தில் இடம் மாறிய எலக்ட்ரான்

வேலூர் ஆஸ்பத்திரியில் ஜுரம் உச்சத்தில் இருந்தபோது என் மகள் பேசியதில் பாதி வெறும் எண்கள். "மூணு, ரெண்டு, மைனஸ் ஒண்ணு, மைனஸ் அரை" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த எடத்துல ஏற்கெனவே ஆள் இருக்கு, வேற எடம் பாருங்க" என்பாள். அவள் ஏதோ மருந்தின் அளவைச் சொல்கிறாள் என்று நர்சம்மா நினைத்துக்கொண்டார். என் மனைவி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த ஸ்டூலைப் பார்த்துவிட்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். எந்த ஆள், எந்த இடம் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

இது நடந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எழுதிப் பார்த்தால் எனக்குள் ஒரு வரிசை பிடிபடும் என்று நினைத்து எழுதுகிறேன். பிடிபடுமா என்று தெரியாது.

நான் ஆம்பூரில் ஒரு டேனரியில் வேலை பார்க்கிறேன். சுற்று வட்டாரத்தில் பெரும்பாலும் ஆவாரம்பட்டையில்தான் தோல் பதனிடுகிறார்கள். எங்கள் முதலாளி மட்டும் பட்டைக் குழிகளை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் குரோம் பிரிவு ஒன்றும் தொடங்கினார். அதற்கு நான் பொறுப்பு. ஆரஞ்சு நிற பைக்ரோமேட் கல்லைக் கரைத்து, ஆசிட் விட்டு, வெல்லப்பாகு சேர்த்தால் கலவை பொங்கிப் பச்சையாகிவிடும். அந்தப் பச்சைத் தண்ணீரில்தான் தோல்கள் டிரம்முக்குள் சுற்றும். நான் படித்தது கல்லூரியில் இரண்டு வருஷம், எஃப்.ஏ. வரைதான் என்றாலும் எல்லோரும் என்னை கெமிஸ்ட் சார் என்றே கூப்பிடுவார்கள். நான் படித்த காலத்தில் அணு என்றால் பிளக்க முடியாதது. பரீட்சையில் அப்படித்தான் எழுதினேன், மார்க்கும் போட்டார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். மதராஸில் பெண்கள் கல்லூரி ஒன்றில் கெமிஸ்ட்ரி ஆனர்ஸ் கடைசி வருஷம். அக்டோபர் விடுமுறைக்கு வந்தவளுக்கு டைபாய்டு கண்டது. ஜுரம் இறங்கி, முடியெல்லாம் வெட்டி, தோளில் தூக்கிக்கொண்டு வருகிற எடையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். டாக்டரம்மா அனுப்பும்போது, "உடம்பு தேறிடும். மத்தத மெதுவா பாருங்க" என்றார். அந்த 'மத்தது' எது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜன்னி கண்டு எழுந்த பிள்ளைகளுக்குப் புத்தி முழுசாகத் திரும்பியதா என்று பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். உறவுமுறை கேட்பார்கள், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார்கள். எங்களைப் போல சபைக்குப் போகிற குடும்பங்களில் கர்த்தர் ஜெபமும் சேரும். ஆலங்காயத்தில் எங்களுக்குத் தெரிந்த ஓர் உபதேசியாரின் மகன் இதே ஜுரத்திலிருந்து பிழைத்து, உடம்பு நன்றாகத் தேறி, அதன்பின் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போதும் அப்படித்தான் இருக்கிறான். அவனை நினைத்துக்கொண்டுதான் என் மனைவி மகளிடம் ஜெபம் சொல்லச் சொன்னாள். பிசகில்லாமல் சொன்னாள். ஆனால் ஆஸ்பத்திரியில் ஜன்னி கண்டிருந்தபோதும் அவள் அதைப் பிசகில்லாமல்தான் சொன்னாள். மனப்பாடமாக இருப்பது புத்தி கலங்கினாலும் நிற்கும் என்றால், அதை வைத்து எதைத் தெரிந்துகொள்வது?

கிறிஸ்துமஸ் பெரிய நாள் முடிந்ததும் கல்லூரி திறந்துவிடும், தான் போக வேண்டும் என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாட்றம்பள்ளியில் வாத்தியாராக இருக்கும் என் மைத்துனன் அவளைப் பார்க்க வந்தான். வாசலில் செருப்பை விடும்போதே சொன்னான்.

"மாமா, இது மூளைச் சூடு. படிப்பு ஜாஸ்தியாகி வந்த ஜுரம். திரும்ப அனுப்புனீங்கன்னா அப்புறம் வீட்டோட வெச்சு நாமதான் சோறு ஊட்டணும்."

"டைபாய்டு தண்ணியால வர்றதுடா" என்றேன்.

"தண்ணி எல்லாரும்தான் குடிக்கிறோம்."

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அனுப்புவதா நிறுத்துவதா என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது.

டேனரியில் ஒரு தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி தெரியும். கழுத்துப் பக்கம், தடிப்பான இடத்தில், ஒரு சின்னத் துண்டு வெட்டி கொதிக்கிற தண்ணீரில் போடுவோம். சுருங்காமல் கிடந்தால் ஆயிற்று. சுருண்டால் மறுபடி டிரம்முக்கு. மகள் விஷயத்திலும் என் புத்தி அப்படியே போயிற்று. மனப்பாடமாக ஒப்பிக்க முடியாத, ஒவ்வொரு படியாக யோசித்துச் சொல்ல வேண்டிய ஒன்றைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவளுடைய பெட்டியிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன எண்கள் அதில்தான் இருந்தன.

அந்த அத்தியாயத்தைப் பல தடவை படித்தேன். ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் நான்கு எண்களாம். முதல் எண், அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதற்கு. இரண்டாவது, அது உலாவும் இடத்தின் வடிவத்துக்கு. மூன்றாவது, அந்த வடிவம் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதற்கு. நான்காவது, அது சுழல்வதற்கு; அந்த எண் கூட்டல் அரை, இல்லாவிட்டால் கழித்தல் அரை. சுழல்கிறது என்று சொல்லிவிட்டு, பம்பரம் போலச் சுழல்வதாக நினைக்க வேண்டாம் என்று அடுத்த பத்தியில் எழுதியிருந்தது. வேறு எப்படி நினைப்பது என்று எழுதவில்லை. பாதியாக்க முடியாத ஒரு பொருளுக்கு அரை என்று ஓர் எண் எதற்கு என்பதும் எனக்கு ஏறவில்லை.

ஓர் அணுவுக்குள் எந்த இரண்டு எலக்ட்ரானுக்கும் நான்கு எண்களும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று ஒரு விதி. இதைப் படித்ததும்தான் "அந்த எடத்துல ஆள் இருக்கு" என்று அவள் பிதற்றியது ஞாபகம் வந்தது. புத்தகத்தை மூடாமல் அடுப்படிக்கு ஓடி என் மனைவியிடம் சொன்னேன். பேயுமில்லை பிசாசுமில்லை, அது பாடம் என்றேன். ஒரு எண்ணில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் இன்னொன்று அங்கே வரக் கூடாதாம் என்றேன்.

"அப்போ ஜுரத்துலயும் இதையேதான் படிச்சிட்டு இருந்திருக்கா" என்றாள் அவள். "தம்பி சொன்னது சரியாத்தான் இருக்கு."

எலக்ட்ரான்கள் உட்காரும் வரிசைக்கும் ஒரு விதி இருந்தது. சக்தி கம்மியான இடம் முதலில் நிறையும், பிறகு அடுத்தது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண்ணும் ஓர் ஆங்கில எழுத்துமாகப் பெயர் இருந்தது. மூன்றாம் அடுக்கிலேயே டி என்ற இடம் காலியாக இருக்கும்போது, நான்காம் அடுக்கின் எஸ் முதலில் நிறைந்துவிடுகிறது. அதில் இரண்டுதான் பிடிக்கும். இரண்டும் உட்கார்ந்த பின் டியில் ஒன்று ஒன்றாகச் சேரும். ஸ்கான்டியத்தில் டியில் ஒன்று, எஸ்ஸில் இரண்டு. டைட்டானியத்தில் இரண்டும் இரண்டும். வனேடியத்தில் மூன்றும் இரண்டும். காரணம் புரியாவிட்டாலும் கணக்கு பிடிபட்டது. அடுத்தது குரோமியம். தினம் கையில் புழங்குகிற சரக்கு என்பதால் நானே போட்டுப் பார்த்தேன். நான்கு, இரண்டு. எனக்கும் ஒன்று தெரிந்துவிட்டது என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டபின் அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள்.

"இதுல இந்த வரிசை எனக்கு ஏறல. கொஞ்சம் சொல்லு, பாப்போம்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குப்பா இது?"

"சும்மாதான். குரோம் வேலை பண்றவனுக்குத் தெரிய வேணாமா."

சிரித்துக்கொண்டே சொன்னாள். டியில இத்தனை, எஸ்ல இத்தனை என்று மட்டும் சொன்னாள். "ஸ்கான்டியம் ஒண்ணு, ரெண்டு. டைட்டானியம் ரெண்டு, ரெண்டு. வனேடியம் மூணு, ரெண்டு. குரோமியம் அஞ்சு, ஒண்ணு."

"இன்னொரு தடவ சொல்லும்மா, குரோமியம்."

"அஞ்சு, ஒண்ணு" என்றாள் கண்ணை மூடிக்கொண்டே. தயக்கமே இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. சந்தேகத்தோடு தவறினால் மறதி என்று சொல்லலாம். இவ்வளவு நிச்சயமாகத் தவறினால்? கூட்டினால் ஆறு சரியாக வருகிறது. ஒன்று மட்டும் எஸ்ஸை விட்டு டிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. எண்ணிக்கை தெரிகிறது, இடம் தெரியவில்லை. உபதேசியாரின் மகனும் ஊர்ப் பெயர்களெல்லாம் சரியாகச் சொல்வான், எந்த ஊருக்குப் பக்கத்தில் எந்த ஊர் என்றால் மாற்றிச் சொல்வான் என்று கேள்விப்பட்டிருந்தேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் வேலையில் எதுவும் ஓடவில்லை. டிரம் மேஸ்திரி பாய் எனக்குப் பல வருஷ தோஸ்த். தோலைத் தொட்டுப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னா கெமிஸ்ட் சார், மூஞ்சி இப்படிக் கீது? பொண்ணு நல்லாத்தானே இருக்குது?"

சொன்னேன். அவரிடம் அணுவைச் சொல்லி, எலக்ட்ரானைச் சொல்லி, இடத்தைச் சொல்லி, என் மகள் அதை மாற்றிச் சொன்னதைச் சொன்னேன்.

"அந்தச் சாமான் எவ்ளோ பெருசு?"

"கண்ணுக்கே தெரியாது பாய்."

"கண்ணுக்கே தெரியாத ஒண்ணு இங்கேர்ந்து அங்க போய்ட்ச்சு. அதுக்கு இவ்ளோ பேஜார். எங்க வீட்டு ஆடு நாலும் எந்தத் தெருவுல மேயுதுன்னே எனக்குத் தெரியாது சார். என் புத்தி போய்ட்ச்சுன்னு எவனும் சொல்லல."

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு."

"இல்ல சார். மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. குரோம் எடம் மாறுதுன்னு கேட்டாருன்னா, போன மாசம் கறை புடிச்ச தோலுக்கெல்லாம் அதான் காரணம்னு நம்ம தலையில கட்டிடுவாரு."

சிரிப்பு வந்தது. ஆனாலும் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முடிவு பண்ணிவிட்டேன். இந்த வருஷம் அனுப்புவதில்லை.

அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றே சொன்னேன்.

"இந்த வருஷம் வேணாம்மா. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

"ஏன்?"

"உடம்பு."

"உடம்பு தேறிடுச்சுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களே."

என் மனைவி பின்னால் வந்து நின்றாள். எனக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியவில்லை. "நேத்து குரோமியம் தப்பா சொன்னே" என்றேன்.

கையில் இருந்த பாவாடையைக் கீழே வைத்தாள். "எது தப்பு?"

"அஞ்சு, ஒண்ணுன்னு சொன்னே. நாலு, ரெண்டு."

"குரோமியம் அப்படித்தான்ப்பா. அஞ்சு, ஒண்ணுதான். புத்தகத்துல பின்னாடி அட்டவணை இருக்கு, பாருங்க."

பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் இருந்தது. குரோமியத்துக்கு நேரே ஐந்தும் ஒன்றும். அச்சுப் பிழையாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

"வரிசைக்கு விதி இருக்கேம்மா. எஸ்ல ரெண்டு நிறைஞ்ச அப்புறம்தானே?"

"டியில அஞ்சு எடம். அஞ்சுலயும் ஒண்ணு ஒண்ணா உக்காந்துட்டா அதுல ஒரு நிம்மதி. அதுக்காக எஸ்லேர்ந்து ஒண்ணு அங்க வந்துடுது."

"நிம்மதின்னு புத்தகத்துல போட்டிருக்கா?"

"அது நான் சொல்றது. அணுவிலேர்ந்து வர்ற வெளிச்சத்தப் பிரிச்சு ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பார்த்தாங்க, அப்படித்தான் இருந்துச்சு. காரணத்த அப்புறமாத்தான் சொன்னாங்க. வனேடியம் இப்படி இல்ல. குரோமியம் இப்படி."

"அப்போ விதி?"

"நாலு எண்ணும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்றதுதான் விதி. அது மீறல. வரிசை மட்டும் கொஞ்சம் முன்ன பின்ன." சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவள் முகம் மாறியது. "அதுக்காகத்தான் நேத்து கேட்டீங்களா?"

என் மனைவி, "பயந்துட்டார்டீ" என்றாள்.

"நான் இன்னா தோலா, ஓரத்துல வெட்டி வெந்நீர்ல போட்டுப் பாக்க?" குரல் உயரவில்லை. "சரி, கேளுங்க. இப்போ அட்டவணைய வெச்சிக்கிட்டே கேளுங்க. சரியா இருந்தா நான் போறேன்."

அவள் சுவரைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள். நான் விரலை வைத்துக்கொண்டு வந்தேன். "மாங்கனீஸ் அஞ்சு, ரெண்டு. இரும்பு ஏழு, ஒண்ணு. கோபால்ட் ஏழு, ரெண்டு. நிக்கல் எட்டு, ரெண்டு. செம்பு பத்து, ஒண்ணு."

செம்பில் மறுபடி ஒன்று இடம் மாறியிருந்தது. அட்டவணையிலும் அப்படியே இருந்தது. ஆனால் என் விரல் இரும்பிலேயே நின்றுவிட்டது. அங்கே ஆறும் இரண்டும் என்று இருந்தது. ஏழும் ஒன்றும் இல்லை.

"போதும்மா" என்று புத்தகத்தை மூடினேன். அவள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பாவாடையை மடிக்கப் போய்விட்டாள்.

அடுப்படியில் என் மனைவியிடம் சொன்னேன். "இரும்பு தப்பு. அட்டவணையிலயே பார்த்தேன்."

"குரோமியம் தப்புன்னீங்க, அது சரின்னு ஆச்சு. இப்போ இரும்பு தப்புன்றீங்க. ஏங்க, உங்களுக்கு எதுதான் தெரியும்?"

"இது நிஜமாவே தப்பு."

"நல்லா இருக்கும்போது அவ தப்பே சொல்ல மாட்டாளா? போன வருஷம் என் சேலைய எடுத்துட்டுப் போய்ட்டு அது அவளோடதுன்னு சண்டை போட்டாளே."

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை எங்கே இருக்கிறது? ஜுரத்துக்கு முன்னால் இரும்பைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரிந்தால்தானே இப்போது சொன்னது ஜுரத்தாலா இல்லையா என்று சொல்ல முடியும். அப்போது நான் கேட்கவில்லை. இரும்பில் எலக்ட்ரான் இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. தோல் என்றால் வெட்டின துண்டு முழுத்தோலுக்குச் சாட்சி சொல்லும். இங்கே ஒரு துண்டு கிடந்தது, ஒரு துண்டு சுருண்டது.

மறுநாள் காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, இரும்பு ஆறு, ரெண்டு. நேத்து ஏழுன்னு சொல்லிட்டேன் இல்ல?"

"ஆமா."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னுதான்."

"நீங்க சொல்லலன்றதுதான் எனக்கு இப்போ பயமா இருக்கு. முன்னெல்லாம் ஒரு தப்பு சொன்னா எப்படித் திட்டுவீங்க." கஞ்சியைத் தள்ளி வைத்தாள். "என் தலை சரியா இருக்கான்னு எனக்கே தெரியலப்பா. படிச்சிட்டே இருக்கும்போது ஒரு வரி காணாமப் போய்டுது. அப்புறம் வருது. இது ஜுரத்தாலயா, எல்லாருக்குமே அப்படித்தானான்னு எனக்குத் தெரியல. இங்க படுத்துட்டு இருந்தா எப்படித் தெரியும்? அங்க போய் மத்த பொண்ணுங்களோட உக்காந்து பார்த்தாத்தான் தெரியும்."

அதுவரை நான் ஒருவன்தான் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவளும் உள்ளே அதே கேள்வியோடு படுத்திருந்திருக்கிறாள். "போய்ட்டு வா" என்றேன். யோசித்துச் சொன்ன முடிவு இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. மைத்துனன் இன்றுவரை அதற்காக என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கல்லூரி திறக்கும் நேரத்துக்கு அவளை ஆம்பூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெட்டி, பார்லி மாவு, என் மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம். மகள் தலைத்துணியைச் சரி பண்ணிக்கொண்டு, குடியாத்தம் பக்கமாகத் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"வண்டி இந்தப் பக்கமாத்தானே வரும்?" என்றாள்.

உபதேசியாரின் மகன் ஊர்களை மாற்றிச் சொல்வது ஞாபகம் வந்தது. ஆனால் வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

"இத்தனை வருஷமா போய்ட்டு வர்றே, மதராஸ் போற வண்டி வாணியம்பாடி பக்கத்துலேர்ந்து வரும்னு தெரியாது? கவனம் எங்க இருக்கு உனக்கு?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி என் கையைக் கிள்ளினாள். மகள் மட்டும் மெல்லத் திரும்பி, வாணியம்பாடி பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

"தெரியும்ப்பா" என்றாள்.

வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டோம். இப்போது மதராஸில் படித்துக்கொண்டிருக்கிறாள். பரீட்சை அடுத்த மாதம். அன்று அவள் உண்மையாகவே திசை மறந்து கேட்டாளா, இல்லை நான் திட்டுகிறேனா என்று பார்க்கக் கேட்டாளா என்று என் மனைவியிடம் பல தடவை கேட்டுவிட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. மகளிடம் கேட்கலாம். கேட்டால் அதுவும் ஒரு சோதனை என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள்.